நிற்கும் இடத்தில்தான் தேய்கிறது

கொல்கத்தா ராஷ்பிஹாரி அவென்யூ பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வருஷப் பழைய 100 சிசி பைக் ஒன்றை வாங்கி, வீட்டு வாசலிலேயே பிரித்துச் சரிசெய்கிறார். மேம்பாலம் ஏறும்போது சைலன்சரில் நீலப் புகை வருகிறது, எஞ்சின் ஆயில் குறைந்துகொண்டே போகிறது. "எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம், இதை ஆயிலோடு ஊற்றுங்கள், தேய்ந்த போர் தானாக நிரம்பிவிடும்" என்று கடையில் ஒரு பாட்டிலைக் காட்டினார்களாம். நிரம்புமா என்பது அவர் கேள்வி.

நிரம்பாது. போர் என்பது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை. இப்படிப்பட்ட பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது ஆயிலைக் கெட்டியாக்கும் சரக்கு. கெட்டியான ஆயில் கொஞ்ச நாள் தேய்ந்த இடுக்கை அடைக்கும், புகை குறைந்ததுபோலத் தெரியும். தேய்ந்துபோன இரும்பு திரும்ப வளராது.

பிரிப்பதற்கு முன், புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் உதைத்ததும் குபுக்கென்று வந்து நின்றுவிட்டால், வால்வு சீல் போயிருக்கலாம். அது சின்னச் செலவு. த்ராட்டிலை முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கையும் போரையும் சந்தேகிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து கிக்கரை உதையுங்கள். முள் காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, அதே ஓட்டையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி உதையுங்கள். முள் நன்றாக ஏறினால், ஆயில் போய் அடைத்த இடம் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து. ஏறாவிட்டால் வால்வுப் பக்கம் தேட வேண்டும்.

ரிங் என்பது ஓரிடத்தில் வெட்டுவிட்ட உலோக வளையம். பழைய நீராவி எஞ்சின்களில் கொழுப்பில் தோய்த்த சணல் கயிற்றைப் பிஸ்டனைச் சுற்றிக் கட்டினார்கள். 1850களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேய ரயில் பொறியாளர் இந்த வளையத்தைக் கொண்டுவந்தார். வரலாறு இதற்குமேல் வேண்டாம். வளையம் செய்யும் வேலைதான் பேச வேண்டியது.

தன் சொந்த விறைப்பால் ரிங் சுவரை லேசாகத்தான் அழுத்துகிறது. பிஸ்டனில் அது உட்காரும் பள்ளத்தில், மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி விட்டிருப்பார்கள். பெட்ரோல் எரிந்ததும் வாயு அந்த இடைவெளி வழியாக ரிங்கின் முதுகுக்குப் பின்னால் புகுந்து, அதைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது. அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகுகிறது. தப்பிக்கப் பார்க்கும் வாயுவே தன் வழியை அடைத்துக்கொள்கிறது!

இப்படி அழுந்தி உரசும் உலோகம் ஒரே வாரத்தில் தேய்ந்து தீராமல் இருப்பதற்கு, சுவரில் வேண்டுமென்றே போட்ட கீறல்கள் ஒரு காரணம். ஹோனிங் கல்லைச் சுழற்றி, மேலும் கீழும் நகர்த்தி, ஒன்றையொன்று வெட்டும் சாய்கோடுகளைச் சுவர் முழுக்க இழைத்திருப்பார்கள். ஆயில் தங்குவது அவற்றில்தான். கொல்கத்தாத் தெருக்களில் "ஷில் காட்டாவ்" என்று கூவிக்கொண்டு உளியோடு போகிறவரை வாசகர் பார்த்திருப்பார். அவர் செய்வது நம்மூர் அம்மி கொத்தும் வேலை. வழுவழுத்துப்போன அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டு போகும், கொத்தினால்தான் பிடிக்கும். அதேபோல, கண்ணாடியாகப் பளபளக்கும் சிலிண்டரைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட வேண்டாம். அந்தச் சுவரில் ஆயில் நிற்காது. கொத்திய அம்மியில் முதலில் தவிட்டைப் போட்டு அரைத்துக் கொட்டிவிட்டுக் கழுவுவார்கள், கல்துகள் குழம்பில் சேரக் கூடாது என்பதற்காக. ஹோனிங் செய்த சிலிண்டருக்கும் அந்தக் கழுவல் உண்டு. குழவியை நம் கைகள் அழுத்துகின்றன, ரிங்கை வாயு அழுத்துகிறது, இரண்டும் போய்ப் போய்த் திரும்புகின்றன. ஆனால் தேய்மானம் என்று வந்தால் இரண்டும் நேர்மாறு. பழைய அம்மி நடுவில் குழிந்திருக்கும். சிலிண்டரோ நடுவில் அதிகம் தேய்வதில்லை. உச்சியில், மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில்தான் தேய்கிறது.

வேகமாக உரசும் இடம் பிழைத்துக்கொள்கிறது, நிற்கும் இடம் தேய்கிறது. இதற்கான கணக்கை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியாளர் போட்டுவிட்டார். நகரும் பரப்பு ஆயிலைக் குறுகலான சந்துக்குள் இழுத்துச் செல்லும்போது ஆயிலுக்குள் அழுத்தம் பிறந்து, இரண்டு பரப்புகளையும் தொடவிடாமல் பிரித்து வைக்கிறது. அதற்கு வேகம் வேண்டும். ஸ்பிளெண்டர் பைக்கின் 97.2 சிசி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். போர் 50 மி.மீ., பிஸ்டன் போய்வரும் தூரமான ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. நிமிடத்துக்கு 6000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 36 கி.மீ., நடுவழியில் 55ஐத் தாண்டும். அங்கே ரிங் ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் போகிறது. உச்சிக்கு வந்ததும் பிஸ்டன் நின்றுதான் திரும்ப வேண்டும். வேகம் பூஜ்யம், படலம் மெலிந்துவிடுகிறது. பெட்ரோல் எரிவதும் அந்தச் சமயத்தில்தான். அதிகச் சூட்டில், வாயு முழுப் பலத்தோடு ரிங்கைச் சுவரில் அழுத்துகிறது. கீறல்களில் தங்கிய ஆயில் மட்டுமே அப்போது துணை. அதே 6000 சுற்றில் பிஸ்டன் நொடிக்கு 100 முறை மேலே நிற்கிறது, அதில் 50 முறை நெருப்போடு.

ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல்விளிம்புக்குக் கீழே நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். ரிங் எட்டாத இடம் தேயாமல், ஒரு மெல்லிய வரப்பாக நிற்கும். நகம் அதில் தட்டினால், "ரிங் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்" என்ற யோசனையை விட்டுவிடுங்கள். பழைய ரிங்கின் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருப்பதால் வரப்பை ஒட்டிப் போய்வந்தது. புது ரிங்கின் கூரிய விளிம்பு அதில் மோதும், உடையவும் கூடும்.

தேய்மானத்தை அளக்க விலை உயர்ந்த போர் கேஜ் வேண்டாம், ஒரு ஃபீலர் கேஜ் போதும். ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனாலேயே மட்டமாகத் தள்ளி, அடிப்பக்கம் தேயாத இடத்தில் அதன் வாய் இடைவெளியை அளக்க வேண்டும். பிறகு வரப்புக்குச் சற்றுக் கீழே அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால், விட்டம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று வந்துவிடும். 0.3 மி.மீ. வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 0.1 மி.மீ. தேய்மானம், போரைப் பெரிதாகக் கடையும் ரீபோருக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பை இவ்வளவு கச்சிதமாகக் கைகொடுப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ரீபோர் மட்டும் வீட்டு வேலை இல்லை, லேத் பட்டறைக்குப் போக வேண்டும். பார்க் ஸ்ட்ரீட், ஏ.ஜே.சி. போஸ் ரோடைச் சந்திக்கும் மல்லிக் பஜாரில் பழைய பாகங்கள் குவிந்து கிடக்கும். லீவர், கவர், மட்கார்டு எதையும் அங்கே தாராளமாகத் தேடலாம். பிஸ்டனையும் ரிங்கையும் மட்டும் புதிதாக வாங்குங்கள், பழையவை வேறொரு சிலிண்டரோடு சேர்ந்து தேய்ந்தவை. 0.25, 0.50 மி.மீ. என்று பெரிய அளவுகளில் பிஸ்டன் கிடைக்கும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதைப் பட்டறையில் கொடுத்து, அதற்கேற்பப் போரைக் கடையச் சொல்ல வேண்டும். அலுமினியப் பிஸ்டன் சூட்டில் இரும்புச் சுவரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால் இடைவெளி விட வேண்டும், போரின் அளவு அந்தப் பிஸ்டனை அளந்தால்தான் தெரியும். "போர் பெருத்தால் பிக்கப் பறக்கும்" என்பார்கள். 0.50 ஏற்றினால் கூடுவது சுமார் 2 சிசி. வண்டியில் தெரியும் மாற்றம் பெரும்பாலும் அடைப்பு சரியானதால் வந்தது.

திரும்பி வந்த சிலிண்டரைப் பெட்ரோலில் அலசினால் போதாது. ஹோனிங் கல்லின் துகள் கீறல்களுக்குள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்பும் வெந்நீரும் பிரஷும் போட்டுத் தேயுங்கள். ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும் வரைக்கும் தேய்த்துக் கழுவி, உடனே ஆயில் பூசுங்கள். கொல்கத்தாவின் ஈரக் காற்றில் வெறும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ரிங்கில் எழுத்து பொறித்த பக்கம் மேலே இருக்க வேண்டும், வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வராமல் 120 பாகை தள்ளித்தள்ளி நிற்க வேண்டும். ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். உள்ளே போகும் தூசி புதுப் போரையும் தின்றுவிடும்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழு த்ராட்டில் வேண்டாம், ஒரே மெதுவேகத்தில் உருட்டவும் வேண்டாம். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் வாயு ரிங்கை அழுத்தி, கீறல்களின் கூர்மையைச் சமன்செய்து, இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தும். அப்படி உதிரும் இரும்பெல்லாம் ஆயிலில்தான் இருக்கும். முதல் ஆயிலை 500 கிலோமீட்டருக்குள் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், பாட்டில் சரக்கு எதுவும் கலக்காமல்.