உங்களுக்குத் தெரியுமா? வழி கேட்டால் மாட்டுக் கதை

ஊருக்கு வழி கேட்டவரிடம் மாட்டைப் பற்றிப் பேசினால், அந்தப் பிழைக்கு இலக்கணத்தில் பெயர் உண்டு: செப்பு வழு. செப்பு என்றால் விடை, வழு என்றால் தவறு. வினாவும் விடையும் வழுவாமல் காக்க வேண்டும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் விதி. அதை விளக்க உரையாசிரியர்கள் காட்டியதுதான் இந்த வழியும் மாடும். அந்த விடையில் எழுவாய், பயனிலை எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனாலும் பிழைதான், கேட்டதோடு ஒட்டவில்லையே! தொடர்பில்லாத பேச்சை வெறும் பழக்கக் கோளாறாக விடாமல் இலக்கணப் பிழையாகவே வகுத்தார்களே, அது பெரிய விஷயம்.

அதற்காக நேர் விடை மட்டுமே விடை என்று நம் இலக்கணம் அடம்பிடிப்பதில்லை. விடை எட்டு வகை என்கிறது நன்னூல். “ஆடுவாயா?” என்று கேட்டால் “கால் வலிக்கிறது” என்பது உற்றது உரைத்தல். “கால் வலிக்கும்” என்பது உறுவது கூறல். “பாடுவேன்” என்பது இனமொழி. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் கேள்விக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். ஆனால் ‘ஆட மாட்டேன்’ என்பது கேட்டவருக்குப் புரிந்துவிடுகிறது. பொருள் போய்ச் சேர்ந்தால் அது விடை, சேராவிட்டால் வழு.

எடுத்த பொருளை விட்டுவிட்டு வேறொன்றை விரித்துக்கொண்டே போவதற்குப் பெயர் ‘மற்றொன்று விரித்தல்’. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் இதுவும் ஒன்று என்று நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே பட்டியலிட்டுவிட்டார். பசுவைப் பற்றிக் கட்டுரை கேட்டால், பசுவைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு, மனப்பாடம் செய்த தென்னையைப் பற்றியே எழுதிய மாணவன் கதை நினைவிருக்கிறதா? அதேதான்.

தொடர்பின்மை கவிதையில் அழகாகவும் ஆகும். காரணம் ஓரிடத்தில், காரியம் வேறிடத்தில் என்று பாடுவதை வடமொழி அணிநூலார் ‘அசங்கதி’ என்பார்கள். வடமொழியில் ‘விஷம்’ என்ற சொல்லுக்கு நீர், நஞ்சு என இரு பொருளும் உண்டு. அதை வைத்து, விஷத்தைக் குடித்தது மேகம், மயங்கி விழுந்ததோ கணவனைப் பிரிந்த பெண்கள் என்று பாடுவார்கள்.

நீதிமன்றத்திலும் தொடர்புக்குத் தனி மரியாதை. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், வழக்கின் பிரச்சினைக்குரிய செய்திகளுக்கும் அவற்றோடு தொடர்புடைய செய்திகளுக்கும் மட்டுமே சாட்சியம் தரலாம், வேறு எதற்கும் கூடாது என்று 5ஆம் பிரிவில் வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமும் அதே விதியை வைத்திருக்கிறது.

இன்று பலரும் ‘பொருத்தமற்ற’ என்ற ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போடுகிறார்கள். அது சரியில்லை. துக்க வீட்டில் சினிமாப் பாட்டுப் போடுவது பொருத்தமற்றது. தண்ணீர் வரி பற்றிய கூட்டத்தில் கிரிக்கெட் பேசுவது தொடர்பற்றது. எல்லாரும் அறிந்ததையே திரும்பச் சொல்வது பயனற்றது. திருக்குறளின் 20ஆம் அதிகாரமான ‘பயனில சொல்லாமை’ கண்டிப்பது இந்தக் கடைசி வகையைத்தான்.

‘மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது’ என்ற வழக்கு கச்சிதமானது. முடிச்சுப் போட இரண்டு இடத்திலும் முடி கிடையாது! ஆனால் ‘அப்துல் காதருக்கும் அமாவாசைக்கும் என்ன சம்பந்தம்?’ என்பது தகவலாகவே தவறு. இஸ்லாமிய மாதங்கள் நிலவைக் கொண்டு கணக்கிடப்படுபவை. அமாவாசை கழிந்து முதல் பிறை தெரிந்த பிறகுதான் ரமலான் நோன்பும் பெருநாளும் வருகின்றன. ஆகவே அந்தப் பேச்சு வழக்கை நாம் விட்டுவிடலாம். மொட்டைத் தலையும் முழங்காலுமே போதும்.