இம்மாதம் எங்கள் கட்டிலருகே

குழந்தைகள் பிரிவில் நெடுநாள் தங்கும் தாய்மாருள் ஒருவர், அம்மாதம் தாம் படித்ததையும் பார்த்ததையும் கேட்டதையும் பற்றி இம்மடலில் எழுதுவது வழக்கம். இம்முறை அது என் பங்காக வந்திருக்கிறது. என் மகனுக்கு ஏழு வயது. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறான். முழுச் சிகிச்சைக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். நாங்கள் ஐந்தாம் மாதத்தில் இருக்கிறோம். ஆகவே இது நூல் மதிப்புரை அன்று. நரம்பு வழியே மருந்து இறங்கும் மணிநேரங்களை எவற்றைக் கொண்டு கடந்தோம் என்பதன் கணக்கு.

விளையாட்டு அறை அலமாரியிலிருந்து எடுத்த ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ என்ற நூலே இம்மாதத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. ஜப்பானிய நடிகை டெட்சுகோ குரோயாநாகி தம் பள்ளிப் பருவத்தைப் பற்றி எழுதி 1981-இல் வெளிவந்த நூல் இது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. அத்தியாயங்கள் மிகச் சிறியவை. இரத்த அழுத்தம் பார்க்க ஒருவர், மாத்திரை கொடுக்க ஒருவர் என்று யாராவது வந்துகொண்டே இருக்கும் இடத்தில் இது பெரிய வசதி.

முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு குறும்புக்காரச் சிறுமி, டோமோயி என்னும் வேறொரு பள்ளிக்கு வருகிறாள். அங்கே பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகள். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளன்று நான்கு மணி நேரம் அமர்ந்து அவள் பேசுவதையெல்லாம் கேட்கிறார். இதைப் படித்தபோது என் மகன், “நான்கு மணி நேரமா? நடுவில் அவருக்கு ஃபோனே வரவில்லையா?” என்று கேட்டான். நான் ஒன்றும் பேசாமல் என் கைப்பேசியை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்தேன்.

அப்பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. மதிய உணவில் கடலிலிருந்து ஏதேனும் ஒன்றும் மலையிலிருந்து ஏதேனும் ஒன்றும் இருக்க வேண்டும். நிலத்தில் கிடைப்பவை எல்லாம் அவர்கள் கணக்கில் மலையைச் சேர்ந்தவை. உணவைக் கண்டாலே மகன் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு வாரத்தில் இது எங்களுக்குக் கைகொடுத்தது. தட்டில் இட்லியும் பருப்பும் இருந்தன. “இரண்டும் மலை. கடல் எங்கே?” என்றான். எனக்கு விடை தோன்றவில்லை. காய்ச்சல் பார்க்க வந்த செவிலியர், “உப்பு எங்கிருந்து வருகிறது, தம்பி?” என்று கேட்டுவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். சிறிது யோசித்த பின் ஒன்றரை இட்லி சாப்பிட்டான். அன்று அது எங்களுக்குப் பெருஞ்செய்தி. ஊரிலிருக்கும் என் மாமியாரை அழைத்துச் சொன்னேன்.

இனி, இந்நூலை எடுக்கவிருக்கும் தாய்மாருக்கு ஒரு செய்தி. டோட்டோவின் வகுப்பில் யாசுவாகி என்று ஒரு சிறுவன் இருக்கிறான். இளம்பிள்ளை வாதத்தால் கைகால்கள் பாதிக்கப்பட்டவன். அவனை ஏணி வைத்து, இழுத்து, வியர்க்க விறுவிறுக்க அவள் மரத்தில் ஏற்றிவிடும் அத்தியாயத்தை நாங்கள் மூன்று முறை படித்தோம். நூலின் பிற்பகுதியில் அச்சிறுவன் இறந்துவிடுகிறான். மகன் உறங்கிய பின் முன்கூட்டியே படித்து இதை அறிந்தேன். மறுநாள் அப்பக்கங்களைச் சேர்த்து ஒரு கிளிப்பைச் செருகிவிட்டு, அடுத்த அத்தியாயத்துக்குச் சென்றுவிட்டேன்.

இரண்டு நாள் அவன் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், “யாசுவாகி ஏன் பிறகு வரவே இல்லை?” என்றான். “வேறு ஊருக்குப் போயிருப்பான்” என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் அந்தக் கிளிப்பைப் பார்த்தான்.

எங்கள் பிரிவின் மனநல ஆலோசகரிடம் அன்று மாலை இதைச் சொன்னேன். விடை கூறுமுன், அவன் என்ன நினைக்கிறான் என்று அவனையே கேட்டுப் பாருங்கள் என்றார் அவர். கேட்டேன். “இறந்துவிட்டான்தானே? அதனால்தானே கிளிப் போட்டாய்?” என்றான். குழந்தைக்குத் தெரியாமல் எதையோ காத்துவைத்திருப்பதாக நான் எண்ணியிருந்தேன். அவன் தனியாக அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். கிளிப்பை எடுத்துவிட்டு அப்பக்கங்களை இருவரும் படித்தோம். என் குரல் இரண்டிடங்களில் நின்றுபோயிற்று.

“எனக்கு வந்திருப்பதும் அதுவா?” என்று கேட்டான். அன்று, அந்த நோய் வராமலிருக்க உனக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே சொட்டு மருந்து கொடுத்திருக்கிறோம், உன் நோய் வேறு, அதற்கான மருந்துதான் இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது என்றேன். “இது சரியாகாவிட்டால்?” என்றான். “அடுத்து என்ன செய்யலாம் என்று மருத்துவர் பார்ப்பார். எதுவானாலும் உன்னிடம் மறைக்கமாட்டேன்” என்றேன். அதற்குமேல் உறுதியாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவனுக்கு அது போதுமானதாக இருந்ததா என்று தெரியவில்லை. இறப்பதற்கு முன் யாசுவாகி டோட்டோவுக்கு ஒரு புத்தகத்தை இரவல் கொடுத்திருந்தான். அதை இனி யாரிடம் திருப்பிக் கொடுப்பாள் என்பதே அன்றிரவு வரை அவன் கவலையாக இருந்தது.

பார்த்தது ஒன்றே ஒன்று. இரு சுற்று மருந்துகளுக்கிடையே ஐந்து நாள் வீட்டில் இருந்தபோது, ஹயாவோ மியாசாகி 1988-இல் இயக்கிய ‘மை நெய்பர் டோட்டோரோ’ என்ற ஜப்பானிய அசைவூட்டப் படத்தை மகனும் பத்து வயது மகளும் சேர்ந்து பார்த்தார்கள். திரையில் ஓடிய ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தாய் மருத்துவமனையில் இருக்க, இரண்டு சிறுமிகள் தந்தையுடன் ஒரு கிராமத்து வீட்டில் வாழும் கதை. மியாசாகியின் தாயும் முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் படுக்கையில் இருந்தவர். பருத்த வயிற்றுடன் உறங்கும் காட்டு விலங்கைக் கண்டு மகன் விழுந்து விழுந்து சிரித்தான். தாய் வார இறுதியில் வீட்டுக்கு வர இயலாது என்ற செய்தி வந்ததும், அதுவரை பெரியவளைப் போல எல்லாவற்றையும் கவனித்துவந்த அக்காள் உடைந்து அழும் காட்சியில் என் மகள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொன்னாள். ஐந்து மாதங்களாக அவள் அப்பத்தாவிடம் இருக்கிறாள். தொலைபேசியில் கேட்டால் எப்போதும் “நன்றாக இருக்கிறேன்” என்பதே விடை. அதை அப்படியே நம்பியிருந்தேன். நம்புவது எனக்கு எளிதாக இருந்தது. அன்றுதான் “தம்பிக்கு என்ன ஆகும் என்று என்னிடம் யாரும் சொல்வதில்லை” என்றாள். மகனிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். மீதிப் படத்தை மறுநாள் பார்த்தோம். மருத்துவமனை ஜன்னலில் அச்சிறுமிகள் ஒரு சோளக்கதிரை வைத்துவிட்டுப் போவது அவளுக்குப் பிடித்திருந்தது. இப்போது அவள் அப்பா வரும்போதெல்லாம் தம்பிக்கு ஏதேனும் கொடுத்தனுப்புகிறாள். சென்ற வாரம் வந்தது ஒரு புளியங்கொட்டைப் பை. கழுவிக் காய வைத்து அனுப்பியிருந்தாள்.

கேட்டவற்றுள் முதலிடம் என் மாமியாரின் குரலுக்கே. கைப்பேசியில் ஒரு நரிக்கதையைப் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். கதை நடுவே மூன்று விசில் கேட்கும். அடுப்பை அணைக்கச் சொல்லி அவர் யாரையோ அதட்டுவார். காக்கை ஒன்று விடாமல் கரையும். மகன் திரும்பத் திரும்பக் கேட்பது நரிக்காக அன்று, அந்த விசிலுக்காக. முதுகுத்தண்டில் ஊசி போட்ட பின் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டிய நேரத்தில், 1988-இல் வெளிவந்த இளையராஜாவின் ‘நத்திங் பட் விண்ட்’ இசைத்தொகுப்பையும் கேட்டோம். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். பாடல் வரிகள் இல்லாததால் என்ன அர்த்தம் என்று அவன் கேட்பதில்லை. நானும் கண்ணை மூடிக்கொள்ள முடிகிறது. பக்கத்துக் கட்டிலில் உறங்குபவர்களை எண்ணி, காதில் மாட்டும் கருவியைப் பயன்படுத்துக.

எனக்கென்று நான் எடுத்தது ‘பொன்னியின் செல்வன்’. கல்கி வார இதழில் 1950 முதல் தொடராக வந்த கதையாதலால் எங்கே நிறுத்தினாலும் மீண்டும் பிடித்துக்கொள்ளலாம். முதல் பாகத்தையே இன்னும் தாண்டவில்லை.

‘டோட்டோ-சான்’ மீண்டும் விளையாட்டு அறை அலமாரியில், மேல்தட்டில் இருக்கிறது. இரவல் புத்தகத்தை உரிய நாளில் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடித்தான். பிற்பகுதியில் சில பக்கங்களின் ஓரம் மடங்கி, கிளிப்பின் தடம் பதிந்திருக்கும். அது என்னால் நேர்ந்தது. அடுத்து எடுப்பவர் பொறுத்தருள்க.