பயோகெமிஸ்ட்ரி படிச்சா டாக்டர் ஆகலாமா? போடிமெட்டு ஏலத்தோட்டம் சொல்லும் பதில்

விடிகாலையில் போடியிலிருந்து கிளம்பும் ஜீப்புகள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி போடிமெட்டைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள் தொடங்கிவிடும். ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்களில் காய் எடுக்கப் போகும் பெண்கள் அதிகம். மருந்தடிக்கப் போகிறவர்களும் உண்டு. இங்கே 'மருந்து' என்றால் பூச்சிமருந்துதான். இலைப்பேன், தண்டுத்துளைப்பான், வேர்ப்புழு என ஏலச்செடிக்கு எதிரிகள் ஏராளம்.

இதே ஜீப்பில் போய்வரும் பல அம்மாக்களின் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துவிட்டு நிற்கிறார்கள். நீட் மதிப்பெண் எட்டவில்லை. அப்போது வீட்டில் எழும் கேள்வி இது: "பிஎஸ்சி பயோகெமிஸ்ட்ரில சேர்த்துவிட்டா, அப்புறம் டாக்டருக்குப் படிச்சிக்கலாம்ல?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தியாவில் அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. அமெரிக்காவில் ஒரு பட்டம் முடித்துவிட்டுத்தான் பொதுவாக மருத்துவப் பள்ளிக்குள் நுழைய முடியும். அங்கே நுழைவுத்தேர்வான எம்கேட்டில் 2015 முதல் பயோகெமிஸ்ட்ரிக்கு முக்கிய இடம் உண்டு. நம் ஊர் ஏற்பாடு வேறு. பிளஸ் டூ, நீட், நேராக எம்பிபிஎஸ். பிஎஸ்சி முடித்தவர் நீட் எழுதத் தடை இல்லை, 2022-இல் மேல்வயது வரம்பும் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் சீட் கிடைத்தால் அவரும் முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்று வருடம் படித்த பாடத்துக்காக ஒரு மாதம்கூட கழித்துத் தர மாட்டார்கள். கல்லூரி விளம்பரங்களில் 'மருத்துவத்துக்கு அடித்தளம்' என்ற வரியைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் அடித்தளம் என்பது சும்மா பேச்சா? அதுவும் இல்லை. எம்பிபிஎஸ் முதலாம் ஆண்டில் உடற்கூறியல், உடலியங்கியல் இரண்டோடும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் மூன்றாவது பாடம் பயோகெமிஸ்ட்ரி. மாணவர்கள் பலர் மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, மறந்துவிடும் பாடமும் அதுதான். அது எதற்கு என்று புரிய, மறுபடி மலைக்குப் போக வேண்டும்.

ஏலத்தில் அடிக்கப்படும் குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை ஆர்கனோபாஸ்பேட் வகை. தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். முதுகில் டேங்க் கசிந்து சட்டை நனைந்தால், அந்தச் சட்டையைக் கழற்றி உடம்பை சோப்புப் போட்டுக் கழுவும்வரை விஷம் ஏறிக்கொண்டே இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது? நரம்பு, தசைக்குச் சேதி சொல்வது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூலம். சேதி போய்ச் சேர்ந்ததும் அதை உடைத்து அப்புறப்படுத்த ஒரு நொதி இருக்கிறது: அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை உடைக்கும் அசுர வேகம் அதற்கு. பூச்சிமருந்து போய் அந்த நொதியின் வேலை செய்யும் இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. சேதி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கும். எச்சில், வியர்வை, கண்ணீர் கொட்டும். நெஞ்சில் சளி கட்டும். தசை துடிக்கும், பிறகு தளர்ந்துவிடும். மூச்சு நிற்பது இப்படித்தான்.

டாக்டர் அட்ரோபின் போடுகிறார். அது சளியையும் குறைந்த நாடித்துடிப்பையும் சரிசெய்யும். தசைத் தளர்ச்சியைத் தொடாது. ஏன்? அட்ரோபின் அடைப்பது ஒருவகை ஏற்பியை மட்டும். தசையில் இருப்பது வேறு வகை. இந்த ஒரு வித்தியாசம் தெரியாதவர், 'ஊசி போட்டாச்சு, சளி குறைஞ்சிருச்சு' என்று நிம்மதியாகிவிடுவார். ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் மறுபடி தளரலாம். இதைத் தனி நிலையாக அடையாளம் கண்டு 1987-இல் உலகுக்குச் சொன்னவர்கள் இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரலியத்தவும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒட்டிக்கொண்ட விஷத்தை நொதியிலிருந்து பிய்த்து எடுக்க பிராலிடாக்சிம் என்ற மருந்து இருக்கிறது. பயோகெமிஸ்ட்ரி புத்தகப்படி பார்த்தால் அது பிரமாதமாக வேலை செய்ய வேண்டும். வேலூர் சிஎம்சியிலும் பிறகு இலங்கையிலும் நோயாளிகளிடம் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. மகாராஷ்டிராவில் நடந்த ஓர் ஆய்வு மட்டும் அதிக அளவில் கொடுத்தால் பலன் உண்டு என்றது. நேரம் கடந்தால் விஷத்துக்கும் நொதிக்கும் உள்ள பிணைப்பு இறுகி, பிறகு எதற்கும் அசையாது என்பது ஒரு காரணம். அஸ்திவாரம் மட்டும் வீடாகிவிடாது.

டாக்டருக்குப் படித்துவிட்டு பயோகெமிஸ்ட்ரிக்குப் போனவர்களில் பெரிய பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து பாஸ்பரஸை அளக்க அவர் உருவாக்கிய முறையை இன்றும் பயோகெமிஸ்ட்ரி மாணவர்கள் ஆய்வகத்தில் செய்கிறார்கள். யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் அவர் தலைமை தாங்கிய ஆய்வுக்குழுவிலிருந்து வந்தது. டாக்டர் பயோகெமிஸ்ட் ஆவதற்கு நம் ஊரில் எப்போதும் வழி திறந்திருக்கிறது. எதிர்த்திசையில்தான் அடைப்பு.

சரி, பிஎஸ்சி சேர்ந்தவர் என்ன செய்யலாம்? நீட்தான் குறி என்றால் அதற்கே படியுங்கள். மொத்தம் 180 கேள்விகளில் 90 உயிரியல். அதில் பயோகெமிஸ்ட்ரி ஒரு சிறு துண்டுதான். பிஎஸ்சி பாடம் நீட் தயாரிப்பு ஆகாது. பாடம் பிடித்திருந்தால் மருத்துவக் கல்லூரிகளிலேயே நடத்தப்படும் மூன்றாண்டு எம்எஸ்சி மெடிக்கல் பயோகெமிஸ்ட்ரி இருக்கிறது. அதன்பின் மருத்துவமனை ஆய்வகம், ஆராய்ச்சி, ஆசிரியர் பணி. கடைசியாகச் சொன்னதில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை: எம்பிபிஎஸ் படிக்காத ஆசிரியர்களுக்கான அளவு இந்தத் துறையில் 2020-இல் 50 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதன்பிறகும் விதி மாறியிருக்கிறது. சேருவதற்கு முன் தேசிய மருத்துவ ஆணையத்தின் அப்போதைய விதியைப் பார்த்துவிடுங்கள்.

ஆய்வக வேலை என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். அந்த நொதி நம் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. ரத்தம் எடுத்து அதன் அளவைப் பார்த்தால் எவ்வளவு விஷம் பட்டிருக்கிறது என்று ஓரளவு தெரியும். சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, அதனால் கெட்டுப்போன நொதிக்குப் பதில் புதிதாகச் செய்துகொள்ள அதனால் முடியாது. புது அணு பிறந்து வர வேண்டும். ஓர் அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். மருந்தடித்து மயங்கி, இரண்டு நாள் படுத்து எழுந்து, 'இப்ப நல்லாத்தான் இருக்கேன்' என்று அடுத்த வாரமே ஜீப் ஏறுகிறவரின் ரத்தத்தில் அந்த நொதி இன்னும் பாதியளவுக்குக்கூட திரும்பாமல் இருக்கலாம். அவரைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. அந்தப் பரிசோதனைச் சீட்டில்தான் தெரியும்.