மூலக்கூற்று இலத்திரனியல்: ஆளி எங்கே உள்ளது?

ஆளியின் தன்மை ஆளிக்குள்ளேயே உறைந்துள்ளது என்றே நாம் கருதிவந்துள்ளோம். ஆளியைத் தனியொரு மூலக்கூறாகச் சுருக்க முயன்றோரின் அனுபவம் இக்கருத்தை ஐயத்துக்குரியதாக்கியுள்ளது.

இம்முயற்சியின் கோட்பாட்டு அடிப்படை 1974 இல் இடப்பட்டது. இலத்திரனை எளிதில் வழங்கும் தொகுதியொன்றையும் எளிதில் ஏற்கும் தொகுதியொன்றையும் கடத்தா இணைப்பினாற் பிணைத்தால், அம்மூலக்கூறு மின்னோட்டத்தைப் பெரிதும் ஒரு திசையிலேயே செல்லவிடும் என அவிராமும் ரட்னரும் எடுத்துரைத்தனர். 1997 இல் யேல் பல்கலைக்கழகத்து ரீட் குழுவினர், கந்தக அணுக்களால் இரு பொன் முனைகளுடன் பிணைக்கப்பட்ட பென்சீன் வளையத்தினூடாக மின்னோட்டத்தை அளந்தனர்.

இப்பரிமாணத்தில் ஓமின் விதி துணைசெய்யாது. உலோகக் கம்பியில் இலத்திரன் மோதி மோதிச் செல்கின்றது. நீளம் இருமடங்காயின் தடையும் இருமடங்காகும். குறுகிய மூலக்கூறிலோ அது சக்தித் தடையை ஊடுருவிச் செல்கின்றது. நீளம் சிறிது கூடினும் கடத்துதிறன் அடுக்குக்குறி முறையில் வீழ்கின்றது. மூலக்கூறின் சக்தி மட்டங்கள் மின்வாயின் மட்டத்துக்கு எத்துணை அண்மையில் உள்ளன, இரண்டுக்குமிடையிலான பிணைப்பு வலிதா மெலிதா என்பனவும் ஓட்டத்தைத் தீர்மானிக்கின்றன. அதாவது, அளக்கப்படுவது மூலக்கூறன்று. மூலக்கூறும் மின்வாயும் சேர்ந்த முழுமை.

டைஅரைலெதீன் இதற்குச் சிறந்த சான்று. ஊதாக்கடந்த ஒளி பட்டதும் அதன் வளையம் மூடி, ஒன்றுவிட்ட இரட்டைப் பிணைப்புத் தொடர் முழுமை பெற, அது கடத்துகின்றது. கட்புலனாகும் ஒளியில் வளையம் திறந்து தொடர் அறுகின்றது. கரைசலில் இம்மாற்றம் இருதிசையானது. ஆயின், 2003 இல் குறோனிங்கன் ஆய்வாளர் அதனைப் பொன்னுடன் பிணைத்தபோது, ஒருமுறை அணைந்த ஆளி மீளவில்லை. 2016 இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தினர் கிரபீன் மின்வாய்களைப் பயன்படுத்தி, இருமருங்கும் மும்மூன்று மெதிலீன் தொகுதிகளை இடையிட்டுப் பிணைப்பைத் தளர்த்தினர். அவ்வாளி நூறு தடவைகளளவில் மாறி மாறி இயங்கியது. உறவு மாறியதும் பொருளின் நடத்தையும் மாறியது!

இத்துறையில் மோசடியும் நிகழ்ந்ததுண்டு. பெல் ஆய்வுகூடத்து ஷோனின் தரவுப் புனைவு 2002 இல் வெளிப்பட்டது. எனினும் நேர்மையான ஆய்வில் நேர்ந்த மயக்கமே நமக்கு அதிகம் கற்பிக்கின்றது. பிளாற்றினத்துக்கும் தைத்தேனியத்துக்குமிடையே றொற்றக்சேன் மூலக்கூற்றுப் படை ஆளியாக இயங்கியபோது, அதன் நகரும் வளையமே காரணம் எனக் கருதப்பட்டது. 2004 இல் ஹியூலெட்-பக்காட் ஆய்வாளரே அவ்விடத்தில் சாதாரண கொழுப்பமிலத்தை வைத்துப் பார்த்தனர். ஆளி முன்போலவே இயங்கிற்று. சமூக உறவின் பண்பைப் பண்டத்தின் இயற்கைப் பண்பாகக் காணும் மயக்கத்தை மார்க்ஸ் விளக்கியதை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஒப்புமை ஒப்புமையளவிலேயே நிற்கட்டும். அந்நிறுவனத்து ஆய்வாளர் பின்னர் தைத்தேனியம் ஈரொட்சைட்டுக்குத் திரும்பி, மூலக்கூறேதுமற்ற ‘மெம்றிஸ்ரர்’ எனும் நினைவுத்தடையை 2008 இல் அறிவித்தனர்.