வெடித்ததா, நசுங்கியதா? டைட்டன் கலம் தரும் பாடம்

2023 ஜூன் 18-ஆம் தேதி, டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்கப் போன ‘டைட்டன்’ நீர்மூழ்கிக் கலம் ‘வெடித்துச் சிதறியது’ என்று எழுதத் தோன்றும். உண்மையில் நடந்தது அதற்கு நேர்மாறு. கடல் அதை வெளியிலிருந்து நசுக்கியது. ஒரு தந்தையும் அவருடைய 19 வயது மகனும் உட்பட, உள்ளே இருந்த ஐவரும் உயிரிழந்தார்கள். அது ஏன் நசுங்கியது? வாங்க, பார்ப்போம்.

டைட்டானிக் ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். அப்படியானால் அங்கே சுமார் 380 மடங்கு! ஒரு தபால்தலை அளவு இடத்தில் ஒரு பெரிய காரின் எடை முழுதும் அழுத்துவதாக நினைத்துப் பாருங்க.

இதனால்தான் ஆழ்கடல் கலங்களில் மனிதர் அமரும் அறையைப் பெரும்பாலும் பந்து வடிவில், உலோகத்தில் செய்வார்கள். பந்தின் மேல் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். அமெரிக்காவின் ‘ஆல்வின்’ கலத்தில் 1973 முதல் டைட்டானியக் கோளமே இருக்கிறது. ஆனால், அதில் மூன்று பேர்தான் உட்காரலாம்.

டைட்டனைக் கட்டிய ஓஷன்கேட் நிறுவனம் ஐந்து பேரை ஏற்ற விரும்பியது. ஆகவே, நீள் உருளை வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. எடையைக் குறைக்க, சுமார் 13 சென்டிமீட்டர் தடிப்பில் கார்பன் இழையால் உருளையைச் செய்து, இரு முனைகளிலும் டைட்டானிய வளையங்களைப் பசையால் ஒட்டியது. கார்பன் இழை கயிறு மாதிரி; இழுத்தால் நன்றாகத் தாங்கும். அழுத்தினால் அதே பலம் இருக்காது. திரும்பத் திரும்ப மூழ்கி எழும்போது அதன் அடுக்குகள் உள்ளுக்குள்ளே பிரியலாம். வெளியே பார்த்தால் தெரியாது.

புதிய பொருளைப் பயன்படுத்தியது மட்டுமே குற்றமா? இல்லை. அதைச் சுயேச்சையான வகைப்பாட்டு நிறுவனம் ஒன்று சோதித்துச் சான்றளிக்க வேண்டும். ஓஷன்கேட் அந்தச் சான்றிதழைப் பெறவில்லை. அது புதுமையைத் தாமதப்படுத்தும் என்று வாதிட்டது. 2018-இல் பாதுகாப்புக் குறைகளைச் சுட்டிக்காட்டி அறிக்கை எழுதிய அதிகாரி டேவிட் லாக்ரிட்ஜ் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

அதன் பிறகும் எச்சரிக்கை வந்தது. 2022 ஜூலையில் ஒரு பயணம் முடிந்து மேலெழுந்தபோது பலத்த சத்தம் கேட்டது. கலம் அதன் சட்டத்துக்குள் நகர்ந்த சத்தம் என்று விளக்கம் சொன்னார்கள். அதற்குப் பின் கலத்தின் உணர்கருவிகள் காட்டிய அளவுகள் மாறின. அதையும் சரியாக ஆராயவில்லை. குளிர்காலம் முழுதும் கலத்தைத் திறந்தவெளியில் வைத்திருந்தார்கள். மறு ஆண்டு மீண்டும் கடலில் இறக்கினார்கள். இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2025-இல் அறிக்கை வெளியிட்டது.

மாணவர்களே, ‘அறிவியல் வளர்ச்சி’ குறித்த கட்டுரையில் இந்தச் சம்பவத்தைச் சான்றாகத் தரலாம். ‘தொழில்நுட்பம் ஆபத்தானது’ என்று பொதுவாக முடித்துவிடாதீர்கள். எந்தச் சோதனை விடுபட்டது, யாருடைய எச்சரிக்கை கேட்கப்படவில்லை என்று குறிப்பாக எழுதுங்க. மறக்காமல், ‘நசுங்கியது’ என்றே எழுதுங்க.