பழைய விளையாட்டுப் பொறியின் மின்வழங்கியைச் சோதித்தல்

நாணயமிட்டு ஆடும் மின்னணு விளையாட்டுப் பொறிகள் 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டுக் கேளிக்கைக் கூடங்களிற் பெருகின. அவற்றுட் புகழ்பெற்ற ஒன்று, அற்றாரி நிறுவனம் 1979இல் வெளியிட்ட ‘அஸ்ரரோயிட்ஸ்’ ஆகும். நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அப்பொறிகளை ஆர்வலர் இன்று தேடியெடுத்துச் செப்பனிடுகின்றனர். நெடுங்காலம் உறங்கிய பொறியைக் கண்டவுடன் ஆளியை இட்டுப் பார்க்க மனம் விழைதல் இயல்பே. ஆயின் அவ்விழைவே பொறிக்குக் கேடாய் முடிதல் கூடும்.

அதற்குரிய காரணம் எளிது. ஆட்டத்தை நடத்தும் சுற்றுப்பலகையில் உள்ள தருக்கச் சில்லுகள் 5 உவோற்று மின்னழுத்தத்தில் இயங்குவன. 4.75 முதல் 5.25 வரையுமே அவற்றுக்கு உகந்த எல்லை. 7 உவோற்றைக் கடப்பின் அவை அழியத் தலைப்படும். மின்வழங்கியிலிருந்து முதலில் வெளிப்படுவதோ ஏறத்தாழ 10 உவோற்று. இவ்விரண்டிற்கும் இடையே காவலாய் நிற்பது ஒழுங்காக்கியும் அதன் 2என்3055 என்னும் வலுத் திரான்சிற்றருமே. அத்திரான்சிற்றர் குறுக்கிணைந்து பழுதுறின் 10 உவோற்றும் சில்லுகளின்மேற் பாயும். ஆதலின் சுற்றுப்பலகையைக் கழற்றி வைத்தபின் மின்வழங்கியைத் தனியே சோதித்தல் முதற்கடமையாகும்.

சோதிப்போன் தன் உயிரையும் காத்துக்கொள்ளல் வேண்டும். மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் பெரிய கொள்ளளவியில் ஏற்றம் எஞ்சியிருக்கும். அதனைத் தக்க தடையொன்றின் வழியே இறக்குக. படக்குழாயிற் பல்லாயிரம் உவோற்று தங்கியிருத்தல் கூடுமாதலின், அத்துறை பயிலாதார் அதனைத் தீண்டலாகாது.

இனி, மின் செல்லும் வழியே சோதனையும் செல்லல் வேண்டும். முதலில் உருகிகளை நோக்குக. அவை அறுபடாதிருத்தல் மட்டும் போதாது. குறித்த அம்பியர் அளவினவோ என்பதையும், அவற்றைப் பற்றியிருக்கும் கவ்விகள் துருவேறித் தளர்ந்துள்ளனவோ என்பதையும் அறிதல் வேண்டும். அடுத்தது நிலைமாற்றி. செப்புக்கம்பியும் இரும்பு அகணியுமே அதன் உறுப்புக்களாதலின் அது எளிதிற் பழுதுறுவதில்லை. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் சீராக்கியில் நான்கு இருவாயிகள் உள. பல்மானியால் அளக்க, ஒவ்வொன்றும் ஒரு திசையில் 0.5 முதல் 0.7 உவோற்று வரை காட்டி, மறுதிசையில் மின்னைக் கடத்தாதிருப்பின் நலமுடையது எனலாம்.

முதுமையால் மிகவும் நலிவுறுவது கொள்ளளவியே. நீலநிற உறையுடைய இப்பெரும் உறுப்பின் கொள்ளளவம் ஏறத்தாழ 27,000 மைக்கிரோபரட்டு. அதனுள்ளிருக்கும் மின்பகுபொருள் காலப்போக்கில் வற்ற, கொள்ளளவம் குறையும். அமெரிக்க ஆடலோட்டம் செக்கனுக்கு 60 சுற்றுடையது. முழுவலைச் சீராக்கத்தின் பின் செக்கனுக்கு 120 முகடுகள் தோன்றும். இரு முகடுகளுக்கு இடைப்பட்ட பொழுதில் ஓட்டத்தை அளிப்பது கொள்ளளவியே. 4 அம்பியர் ஓட்டம் வேண்டப்படின், நல்ல கொள்ளளவியில் அப்பொழுதினுள் அழுத்தம் ஏறத்தாழ 1.2 உவோற்று இறங்கும். கொள்ளளவம் பாதியானால் இறக்கம் 2.5 உவோற்றாகும். இக்குற்றலை மிகுந்தால் ஒழுங்காக்கிக்கு வேண்டிய அழுத்தம் கணந்தோறும் குறைபட, ஆட்டம் இடையே தடைப்பட்டு மீண்டும் தொடக்கத்திற்கே செல்லும். பல்மானியின் நேரோட்ட அளவீடு சராசரியையே காட்டுமாதலின் இக்குறை அதிற் புலப்படாது; சுமை ஏற்றிய நிலையில் ஆடலோட்ட அளவீட்டாலோ அலைவுகாட்டியாலோ நோக்கின் புலப்படும்.

ஒழுங்காக்கியைச் சோதிக்க, சுற்றுப்பலகைக்குப் பதிலாக 2 ஓம் தடையொன்றை இணைக்கலாம். அதில் 2.5 அம்பியர் ஓடி 12.5 உவாற்று வெப்பம் எழுமாதலின், 25 உவாற்றுத் தாங்கவல்ல தடையே ஏற்றது. அரைமணி நேரம் 5 உவோற்று தளராது நிற்பின் ஒழுங்காக்கியை நம்பலாம்.

இத்துணையும் தேறிய பின்னரும் ஒன்று எஞ்சுகின்றது. அற்றாரிப் பொறிகளில், சுற்றுப்பலகையை அடையும் அழுத்தத்தை உணர்ந்து ஒழுங்காக்கிக்கு அறிவிக்கத் தனிக் கம்பிகள் உள. பலகையின் விளிம்பிலுள்ள இணைப்புமுனைகள் கறுத்துத் தடை மிகுந்தால், வழியில் அழுத்தம் இழக்கப்படும். அவ்விழப்பை ஈடுசெய்ய ஒழுங்காக்கி தன் வெளியீட்டை உயர்த்தும். அப்பொழுது பலகையில் 5 உவோற்றும் ஒழுங்காக்கியில் 5.5 உவோற்றும் காணப்படலாம். ஓரிடத்தில் மட்டும் அளப்போன் இதனை அறியான். குறைவு தோன்றுமிடத்து மாறுந்தடையைத் திருகி அழுத்தத்தைக் கூட்டுதல் குறையை மறைத்தலேயன்றி நீக்குதலன்று. இணைப்புமுனைகள் மேலும் வெந்து கருகும். இரு முனையிலும் அளந்து, வேற்றுமை காணின் முனைகளைத் துப்புரவாக்குக, அன்றேல் மாற்றுக.

பழையன யாவற்றையும் களைந்து புதிய மின்வழங்கியைப் பொருத்துதல் விரைவான வழியே. ஆயினும் கறுத்த இணைப்புமுனைகள் அப்படியே இருப்பின் புதிய மின்வழங்கியும் அதே குறைக்கு ஆட்படும். பழையது என்பதனால் ஓர் உறுப்பைத் தள்ளுதலும், தோற்றத்தால் நன்று என ஏற்றலும் ஒருங்கே தவறாம். அளவீடு குறையென்று காட்டியதை மாற்றி, நலமென்று காட்டியதைப் பேணுவதே செப்பனிடுதல் என்னும் பெயருக்கு உரியது.