நைல் கரையில் ஒரு வயற்பாடம்

கெய்ரோவின் அல்அஸ்ஹரில் பயிலச் சென்றுள்ள நம் பிள்ளைகள் விடுமுறையில் பிரமிடுகளைக் காண்பர். அலெக்சாந்திரியாவின் கடற்கரைக்கும் செல்வர். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரோ, உடன் பயிலும் எகிப்திய நண்பரின் அழைப்பை ஏற்று, நைல் டெல்டாவின் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றார். செப்டம்பர் மாதம் முழுவதும் அவ்வீட்டாருடன் வயலில் இறங்கி வேலை செய்தார். அவர் கண்டவை நாமும் அறியத்தக்கவை.

அது பருத்தி எடுக்கும் பருவம். வெடித்த காயின் உலர்ந்த ஓட்டு நுனிகள் விரல்களைக் கீறும். குனிந்த முதுகு நிமிர மறுக்கும். முதல் நாள் அவர் நிரப்பிய பையைப்போல் இருமடங்கை அவ்வீட்டுச் சிறுமி நிரப்பினாளாம்!

அங்கே நிலத்தை ஃபெத்தான் கணக்கில் அளப்பர். ஒரு ஃபெத்தான் நம் ஏக்கரைவிடச் சற்றே பெரிது. அதில் 24 கீராத்துகள். ஒரு கீராத்து ஏறத்தாழ 4 சென்ட். ஒரு ஃபெத்தான்கூட இல்லாத குடும்பங்கள் ஏராளம். அச்சிறு நிலத்திலும் குளிர்காலத்தில் ஒரு பகுதியைப் பர்சீம் என்னும் தீவனப்பயிருக்கு ஒதுக்குவர். ஏன் தெரியுமா? வீட்டு எருமைதான் அவர்களுடைய வங்கி. பாலும் வெண்ணெயும் அன்றாடச் செலவைத் தாங்கும். திருமணமோ மருத்துவமோ வந்தால் எருமையே விலைபோகும். பர்சீம் மண்ணுக்கும் வளம் சேர்க்கும்.

நைல் அருகிலிருந்தும் நீர் எளிதன்று. வாய்க்கால் வயலைவிடத் தாழ்ந்திருப்பதால் எந்திரம் வைத்து இறைக்க வேண்டும். அதுவும் முறை வைத்தே கிடைக்கும். 1970-இல் கட்டி முடிக்கப்பட்ட அஸ்வான் உயர் அணை வெள்ளத்தை அடக்கி, ஆண்டு முழுவதும் பாசனம் தந்தது. ஆயினும் வெள்ளம் இலவசமாகக் கொணர்ந்த வண்டல் அணையிலேயே தங்கிவிட, உரம் விலைக்கு வாங்கும் பொருளாயிற்று.

எல்லாவற்றினும் கனமான சுமை குத்தகை. 1952-ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் குத்தகையை நிலவரியின் 7 மடங்குக்கு மிகாமல் நிறுத்தியது. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 22 மடங்காக்கி, 1997 அக்டோபர் முதல் சந்தை விலைக்கே விட்டுவிட்டது. தந்தைக்குப்பின் மகன் உழுதுவந்த நிலத்தைப் பலர் இழந்தனர். நண்பரின் குடும்பமும் அவ்வாறு பாதி நிலத்தை இழந்ததே.

இதைக் கேட்டபோது மாணவருக்குத் தம் வீடு நினைவுக்கு வந்தது. தஞ்சைப் பகுதியில் அவர் தந்தையின் நன்செய் குத்தகையில் இருக்கிறது. குத்தகைதாரர் தவணை கேட்கும்போதெல்லாம் "சாக்குப்போக்கு" என்று வீட்டார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். "அத்தா, இம்முறை பாக்கியைக் கேட்குமுன் வயலுக்குச் சென்று, உரத்திற்கும் கூலிக்கும் என்ன செலவாயிற்று என்று அவரிடம் கேளுங்கள்" என்று கடிதம் எழுதினார். அறுவடை முடியட்டும், பேசுவோம் என்று தந்தையார் பதில் எழுதியிருக்கிறார்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் வாசகர்களே! நீங்கள் கடைசியாக உங்கள் வரப்பில் நடந்தது எப்போது? விளைச்சலின் கணக்கு நம் திண்ணையில் தெரியாது. உழுபவரின் அருகில் நின்று கேட்டால்தான் தெரியும்.